அப்பாவின் இடது பக்கம்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் நல்லா இருக்கணும். இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம், மனசளவில் ஒருத்தருக்கும் சுகமில்லை. போன் இருக்க ஏன் கடிதம்னு கேட்பே. போன்ல உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துக்கிறார், நீயோ நான் ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது வார்த்தை தத்துவம் பேசறே. இதை நீ குறுக்கே பேசாம முழுசாக் கேட்கணும்.

அப்பாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சுவத்தில இருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சுட்டு என்னைப் பெருமையாப் பார்த்தார். அப்புறம் ஒரு மெஷினுக்குள்ள முகத்தை வைக்கச் சொன்னாங்க, அங்கங்கே வெளிச்சப் புள்ளி மின்னும், தெரிஞ்சா பட்டனை அமுக்கணும். இடது பக்கம் மின்னினதுக்கு மனுஷன் கையே அசையலை. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு, நேரே இருக்கிறது தெரியும், ஓரத்துல வர்றது தெரியாது, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்த தினம் சொட்டு மருந்து விடணும், வண்டியைத் தொடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவர் என்னடான்னா பட்டன் ரிப்பேர்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டார். வெளியே வந்ததும் எதிர்க்கடை போர்டுல இருந்த பொடி எழுத்தைப் படிச்சுக் காட்டி, யாருக்குடி கண்ணு தெரியலைங்கிறார்.

லீவு முடிஞ்சு திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. இவர் ஓட்டற ஸ்கூல் வேன் நிறையப் பிள்ளைங்க, ஹாரன் தாத்தா ஹாரன் தாத்தான்னு இவர் மேல உயிரையே வச்சிருக்குதுங்க. லீவுலேயே, போன வாரம் காலி வண்டியை எடுத்துட்டுப் போனப்போ மார்க்கெட் திருப்பத்தில இடது பக்கம் சைக்கிள்ல வந்த பொண்ணை வேன் உரசிடுச்சு, முழங்கையில சிராய்ப்போட போச்சு. பார்த்தியா, ஆண்டவன் கைவிடலைன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணு தொண்டை கிழியக் கத்துச்சு, அதான் இவர் பிரேக் போட்டார். கடவுள் குரல் கொடுத்தார்னே வச்சுக்குவோம், கொடுத்தது எதுக்கு, இன்னொரு தடவை ஓட்டிப் பாருன்னா?

இதில உன் பங்கும் இருக்குடா, கோவிச்சுக்காதே. டாக்டர் சொன்னதை நான் சொன்னப்போ போன்ல நீ என்ன சொன்னே? எதையுமே நூறு சதவீதம் உறுதியாச் சொல்ல முடியாதுப்பா, தெரியாதுன்னு ஒத்துக்கிறதுதான் ஞானத்துக்கு முதல் படின்னு ஏதோ வகுப்பு எடுத்தே. நல்ல பேச்சுதான். அவர் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். டாக்டருக்கும் உறுதியாத் தெரியாதாம், காலேஜ்ல பாடம் நடத்துற பிள்ளையே சொல்லிட்டானாம். ஒரு பக்கம் கடவுள், ஒரு பக்கம் நீ, நடுவுல என்னைப் பேசவே விடமாட்டேங்கிறார். தெரியலைன்னு நிஜமா ஒத்துக்கிட்டவன் பிரேக்கைத்தானே மிதிப்பான்? இவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். உன் புஸ்தகம் இதுக்கு என்ன பேர் வச்சிருக்கோ, நான் பிடிவாதம்பேன்.

நானும் கும்பிடறவதான், அவர் நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நேத்து சாப்பிடறப்போ அவருக்கு இடது பக்கமா நின்னு தண்ணி டம்ளரை நீட்டினேன். நீட்டிக்கிட்டே இருந்தேன். தண்ணி எங்கேடின்னு அதட்டறார். இதோ இருக்குன்னதும் தலையைத் திருப்பிப் பார்த்தார், முகம் செத்துப்போச்சு. அப்புறம் எழுந்து போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துட்டார். பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு முணுமுணுக்கிறது என் காதுல விழுந்துச்சு. என்னால தாங்க முடியலை, அந்தப் பிள்ளைங்களை யார்கிட்டேருந்து காப்பாத்தச் சொல்லிக் கேட்கிறீங்கன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அதுக்கப்புறமும் அவர் வேன் சாவியைக் கொடுக்கலை.

உன் அக்கா ஸ்கூல்ல போய்ச் சொல்லிடும்மாங்கிறா. சொல்லத்தான் போறேன், அவர் வாயாலேயே சொல்லட்டும்னு ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன். இத்தனை வருஷம் வேன்ல ஏறின ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழாம ஓட்டின மனுஷனை நான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது. பயமாவும் இருக்குடா, இதோட என்னை வெறுத்துடுவாரோன்னு. இருந்தும் திங்கட்கிழமை காலையில அவர் வண்டியை எடுத்தா நான் குறுக்கே நிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவர் இறங்கினதும் நேரா தலைமை ஆசிரியைகிட்ட போவேன்.

இது உன் கைக்கு வர்றப்போ அந்தத் திங்கட்கிழமை போயிருக்கும். என்ன நடந்திருந்தாலும் நீ அவருக்குப் போன் பண்ணு, எனக்கு வேண்டாம். பாதியில விட்ட பேச்சை முழுசாச் சொல்லு, தெரியலைன்னு ஒத்துக்கிட்டவன் அடுத்து என்ன செய்யணும்கிறதையும் சேர்த்து. உனக்கும் நாற்பது ஆகுது, இது அப்பன்கிட்டேருந்து பிள்ளைக்கு வர்ற வியாதியாம், நீயும் கண்ணைக் காட்டிக்கோ, மறந்துடாதே. மருமகளுக்கும் உனக்கும் ஒரு குறையும் வராம ஆண்டவன் பார்த்துக்கட்டும்.

எனக்காகக் கவலைப்படாதே. வேனுக்கு நேர் எதிர்ல, நட்ட நடுவுலதான் நிப்பேன், அங்கே நின்னா அவருக்கு நல்லாத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா