மதினிக்கு நீட்டாத தாம்பூலம்

என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணனுக்கு,

நீ போன பிறகு வருகிற முதல் சீசன் இது. சாரல் நேற்றே இறங்கிவிட்டது. தென்காசி ஸ்டேஷன் வாசலில் குற்றாலம் சவாரிக்கு ஜட்காக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உன் வண்டி நின்ற இடத்தில் இப்போது ஒரு வாடகைக் கார் நிற்கிறது. நான் அந்தப் பக்கமே போவதில்லை. உன் குதிரையைச் சிவகிரிக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

உனக்குத் தெரியாத சேதிகள் நிறைய இருக்கின்றன. எதைச் சொல்ல, எதை விட? வழக்கைப் பற்றியே சொல்கிறேன். நீ இடுப்பொடிந்து கிடந்தபோது அந்த மில் முதலாளி உன்னைப் பார்க்க வந்தாரே, நினைவிருக்கிறதா? தப்புப் பக்கத்தில் ஏறி வந்து உன்னை வண்டியோடு சாய்த்த அதே பிளஷர் காரில்தான் வந்து இறங்கினார். தாம்பாளத்தில் பழமும் வெற்றிலை பாக்கும் இருந்தன. நீ படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாய். ஏன் வாங்கினாய் என்று நான் கேட்டதற்கு, "வீடு தேடி வந்த மனுசன் நீட்டுத தட்ட வேண்டாங்கலாமாலே?" என்றாய்.

நோயாளியைப் பார்க்க வந்தவர் தந்தது என்று நீ நினைத்தாய். காரியம் பேசி முடிந்தது என்று அவர் ஊரெல்லாம் சொல்ல வைத்தார். நம் பக்கத்தில் நிலம் விற்றாலும் பெண் கொடுத்தாலும் வெற்றிலை கைமாறினால் முடிந்தது. பிறகு பேச்சு மாறுகிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு மதினி பேரில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். வெற்றிலையெல்லாம் கோர்ட்டில் செல்லாது என்று வக்கீல் சிரித்தார். ஆனால் சாட்சிக்கு எங்கே போவது? கார் மோதியதை நேரில் பார்த்தவர் மேலகரத்தில் சாப்பாட்டுக் கிளப்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்தான். அவர் கடைக்குப் போய்க் கெஞ்சினேன்.

"பாத்தேன்லே, ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஆனா உங்க அண்ணன் தாம்பூலம் வாங்கிட்டானே. முடிஞ்ச காரியத்துக்கு நான் எப்படிக் கூண்டுல ஏறுவேன்?" என்றார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நல்ல மனிதர். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மதினி பீடி சுற்றுகிறாள். உன் மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டுகிறாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வேறு யாரிடம் சொல்வேன்?

போன வெள்ளிக்கிழமை முதலாளியின் கணக்கப்பிள்ளை வந்தார். நடுவராக இருக்கட்டும் என்று அண்ணாச்சியையும் கூட்டி வந்திருந்தார். கையில் மறுபடியும் தாம்பாளம். வெற்றிலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் பணமும் ஒரு பத்திரமும் இருந்தன. உன் குதிரை மிரண்டு குறுக்கே பாய்ந்ததால்தான் விபத்து, இனி எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பணத்தை வைத்துச் சில மாதம் கஞ்சி குடிக்கலாம். அதற்கு நீ வண்டியோட்டத் தெரியாதவன் என்று நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அண்ணன் வாங்குனதுக்கு மேல இது ஒரு மரியாத. வாங்கிக்கிடுங்க தம்பி" என்று கணக்கப்பிள்ளை தட்டை என்னிடம் நீட்டினார். வீட்டில் ஆண்பிள்ளை நான்தானே. என் கை பாதி தூரம் போய்விட்டது அண்ணே. பசி அப்படி.

அப்போது மதினி உள்ளேயிருந்து வந்தாள். நீ போன பிறகு அவள் வேற்று ஆள் முன்னால் வந்து நின்றது அன்றுதான்.

"புருசனப் பறிகுடுத்தது நான். என் கையில குடுங்க."

கணக்கப்பிள்ளை தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "அது எப்படித் தாயி? தாலியறுத்த பொம்பளைக்குத் தாம்பூலம் குடுப்பாவளா?"

"குடுக்க மாட்டியல்லா? அப்போ அந்தத் தாம்பூலம் என்னைய எப்படிக் கட்டும்? அவுக வாங்குனது அவுகளோட போச்சு. எனக்கு ஒருத்தரும் குடுக்கல, நான் ஒருத்தர்கிட்டயும் வாங்கல." பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நாஞ் சொல்லுதது தப்பா?"

அவர் "தப்பில்ல தாயி" என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "தட்ட எடுத்துக்கிட்டுப் போங்கய்யா. நான் பாத்தத கோர்ட்டுல சொல்லுதேன்."

இதைக் கேட்டு நீ சந்தோஷப்பட்டுவிடாதே. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வக்கீல். முதலாளியின் ஆட்கள் அண்ணாச்சி கடைக்குத் தினமும் வந்து போகிறார்கள். அவர் கடைசிவரை நிற்பாரா, தெரியாது. அன்றைக்கு வீட்டில் உலை ஏறவில்லை. பணத்தை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று உன் மகள் கேட்டாள். மதினி அடுத்த பீடிக்கு இலையை எடுத்தாள். நீ இருந்திருந்தால் வாங்கச் சொல்லியிருப்பாயோ?

அடுத்த வாய்தாவுக்கு அவளோடு நானும் கோர்ட்டுக்குப் போகிறேன். அவள் பேசும்போது நான் நடுவில் வாய் திறக்க மாட்டேன். உன் சாவைப் பேசி முடிக்க இனி யார் வந்தாலும், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாத நாளாக இருந்தாலும், அவளைத் தாண்டி என் கை நீளாது. இது சத்தியம் அண்ணே.

உன் கூடப்பிறந்தவன்,
மாடசாமி