தானே கூட்டிக்கொண்ட ஓர் அடி

ஞாயிற்றுக்கிழமை

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், இவர், மகள் துர்க்கா, லண்டனிலிருந்து பெண் பார்க்க வந்த நிரோஷன், அவருடைய தாய், சம்பந்தம் பேசிய, ஸ்தேன் நகரில் இருக்கும் அண்ணை. ஆறு பேர். லண்டன்காரர் பாரிஸ் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, லா சப்பலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார்கள்.

நிரோஷன் இங்கிலாந்தில் பிறந்தவர். கோல்ஃப் விளையாடுவதுதான் தொழில்.

"பந்தடிக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று இவர் கேட்டார்.

"போட்டியில வெண்டால்தான் அங்கிள்."

துர்க்கா சிரித்துவிட்டாள்.

பெரிய போட்டிகளுக்கு ஆளெடுக்கும் ஆட்டத்தில் போன வருடம் ஒரே ஓர் அடி கூடிப்போனதால் தவறிவிட்டாராம். அடிக்குமுன் மட்டை பட்டுப் பந்து கொஞ்சம் அசைந்திருக்கிறது. தானே நடுவரிடம் சொல்லி, தண்டமாக ஓர் அடியைக் கூட்டிக்கொண்டாராம்.

"வேறை ஆரும் கண்டவையோ தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. நான் கண்டனான்."

அவர்கள் போனதும் இவர், "விசரன்! வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் இப்ப பெரிய ஆள். இவனை நம்பி எப்பிடிப் பெட்டையைக் குடுக்கிறது?" என்றார். எனக்கோ 'நான் கண்டனான்' என்ற அந்தப் பதிலுக்குப் பிறகு அவரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. துர்க்கா, யோசிக்கிறேன் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனாள். இரவு அவளுக்குக் குடிக்கப் பால் கொண்டுபோனபோது போனில் கோல்ஃப் சட்டங்களை வாசித்துக்கொண்டிருந்தாள். பாலை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

முருகா, நிரோஷன் புதன்கிழமை ஸ்பெயினுக்கு விளையாடப் போகிறார். அதற்குள் முடிவு கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. ஆனால் வாழப்போவது அவள். ஓமோ இல்லையோ, அவள் வாயால் ஒரு பதிலைக் கெதியில் சொல்ல வை.