துணிக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல்

நான்கு நாளாகக் கஞ்சிக்கோட்டில் காற்றே இல்லை, மழை மட்டும்தான். இன்று காலை பீரோவைத் திறந்ததும் ஒரு மக்கல் வாடை முகத்தில் அடித்தது. கம்பியின் ஓரத்தில் நெருக்கி மாட்டியிருந்த சுடிதாரை இழுத்துப் பார்த்தேன். கைமடிப்பில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் என் துணியில் பூசணத்தைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு இதை உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் அந்தப் பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தோம். வாளி, கப், சோப்புப் பெட்டி, ஹேங்கர் என்று கண்டதையும் வார்த்துத் தள்ளும் கம்பெனி. அதில் டிசைன் பகுதி என்பது ஒரு கம்ப்யூட்டரும் நாம் இருவரும்தான். தங்குவதற்குக் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறை. வீட்டுக்கார சேச்சி போட்டுக் கொடுத்திருந்த ஒற்றை பீரோவில் ஒரே ஒரு கம்பி. முதல் நாளே அதை அளந்து நடுவில் சிவப்பு நூல் கட்டினேன். நல்லேப்பிள்ளி வயல்காட்டுக்காரி நான், வரப்புப் போடாமல் எங்களுக்குத் தூக்கம் வராது. நீ மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மூன்று சுடிதாரும் ஒரு ஸ்வெட்டருமாக வந்திருந்தாய். நான் இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தேன். ஒரே வாரத்தில் என் துணிகள் நூலைத் தாண்டிவிட்டன.

"ஏட்டி, உன் துணியெல்லாம் என் எல்லையில வந்து குடியேறிட்டு. ரேஷன் கார்டு எடுத்துக் குடுத்துருவோமா?" என்று கேட்டாய்.

"எடுத்துக் குடு புள்ள. அப்படியே ஓட்டும் போடட்டும்" என்றேன்.

மறுநாள் நீ கழிவுக் குவியலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து வந்தாய். ஆணியைச் சூடாக்கி அதில் ஐந்து ஓட்டை போட்டாய். இரண்டு முனையிலும் கம்பிக் கொக்கி. பட்டையைப் படுக்கையாக மாட்டி, ஓட்டைக்கு ஒன்றாக என் ஐந்து சுடிதார்களையும் ஹேங்கரோடு தொங்கவிட்டாய். பிறகு ஒரு பக்கத்துக் கொக்கியை மட்டும் கழற்றினாய். பட்டை செங்குத்தாகத் தொங்கியது. ஐந்து துணியும் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கி, ஒரே துணிக்கான இடத்தில் அடங்கிவிட்டன. என் பாதியிலேயே எனக்கு இடம் மிச்சம். நாம் அதற்குத் தோரணம் என்று பெயர் வைத்தோம். முதலாளி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, சந்தைக்குக் கொண்டுவரலாம், வரைந்து கொடுங்கள் என்றார். நமக்குத் தலைகால் புரியவில்லை.

இடத்தைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஓர் அறையும் அடுப்படியும்தான், அதில் ஐந்து பேர் என்று சொல்லியிருக்கிறாய். மழை மாதங்களில் துணி காய்வது அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில். எத்தனை சோப்புப் போட்டாலும் எல்லாத் துணியிலும் புகை வாடை. டிப்ளமோ படிக்கும்போது ஹாஸ்டலில் ஒருத்தி உன் பக்கத்தில் வந்து, யார் இங்கே விறகு அடுப்பு மூட்டியது என்று கேட்டாளாம். அன்றிலிருந்து கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார்ந்தாய். நீ இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

ஒரு பொங்கலுக்கு உன்னை எங்கள் ஊருக்குக் கூட்டிப்போனேன். களத்து ஓரக் கொடியில் துணிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. கணவாய்க் காற்று எங்களுக்கு, போட்ட துணி அரை மணி நேரத்தில் அப்பளம். நீ ஒரு துண்டை எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாய்.

"ஏங்கண்ணு, சோறு திங்காம துண்ட மோந்துட்டு நிக்கறே?" என்றாள் என் அம்மா.

"வெயில் வாடை அடிக்கும்மா இதுல. இத எங்கம்மாகிட்ட கொண்டு காட்டணும்" என்றாய். அம்மா அந்தத் துண்டை உன் பையில் வைத்துக் கொடுத்தாள். உனக்குத் தோரணம் எதற்காக வேண்டியிருந்தது என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புகை படாமல், நெருங்காமல், உன் அம்மாவின் துணி உலர்ந்து தொங்க ஒரு வழி. எனக்கோ அது ஒரு டிராயிங்.

வரைபடம் என் கையில் வந்தபோது முதல் தகராறும் வந்தது. ஓட்டைகளை இன்னும் நெருக்கினேன், பட்டையை ஒல்லியாக்கினேன். நீ மாட்டிய துணிகளுக்கு நடுவே உன் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தாய். அது நுழையவில்லை.

"விரல் போகணும்ட்டி. விரல் போனாத்தான் துணி மூச்சு விடும்."

"விரல் போனா அஞ்சு துணிக்கு ரெண்டு துணி எடம் வேணும் புள்ள. பொறவு அதுக்குப் பேரு தோரணமா?"

ஒரு மாதம் நம் அறையிலேயே மாட்டிச் சோதித்தோம். ஒன்றும் ஆகவில்லை. கஞ்சிக்கோட்டுக் காற்றில் என்ன ஆகும்? மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் மாட்டிப் பார்த்த பிறகு வார்ப்புக்கான இரும்பு மோல்டு வெட்டச் சொல்லலாம் என்று நீ கெஞ்சினாய். ஓணத்துக்குச் சரக்கு கடைக்குப் போக வேண்டும், நேரமில்லை என்றேன். மோல்டு வெட்டக் கொடுத்தாயிற்று.

நீ விடவில்லை. பத்து நாள் லீவில் ஊருக்குப் போனாய், தோரணம் ஒன்றும் பையில் போயிற்று. திரும்பி வந்த அன்று நேராக ஆபீசுக்கு வந்து, மேசையில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாய். தோரணத்தில் மாட்டிவைத்திருந்த உன் அம்மாவின் கல்யாணப் புடவை. தீபாவளிக்கு மட்டும் எடுத்து உடுத்துவாள் என்று நீ சொல்லியிருந்த அதே அரக்குப் பட்டு. முந்தானை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது.

முதலாளி ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, நாம மலைக்கா விக்கப் போறோம்? டவுன்ல ஃப்ளாட்டுக்காரங்களுக்குத்தானே?" என்றார்.

அவர் சொன்னதை விடு. நீ அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் சொன்னேன்: "அது உங்க ஊரு மழை பண்ணுன தப்பு புள்ள. நம்ம டிசைன்ல ஒரு தப்பும் இல்ல."

அந்த வாயில் சூடு வைத்திருக்க வேண்டும். என் வரைபடத்தை முதலாளி பாராட்டிய கிறுக்கு எனக்கு அப்போது தலைக்கு ஏறியிருந்தது. உன் அம்மாவின் புடவையைவிட என் கோடுகள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன.

"சரிட்டி. எங்க ஊர் தப்புதான்" என்றாய். புடவையைப் பொறுமையாக மடித்து, அதே செய்தித்தாளில் சுற்றினாய்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரே அறையில் இருந்தோம். சாவி எங்கே, தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான் பேச்சு. பிறகு மூணாற்றில் ஒரு ரிசார்ட்டில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாய். பீரோவில் உன் பாதிக் கம்பி காலியாயிற்று. என் துணிகள் இந்தப் பக்கம் பிதுங்கி நின்றாலும் நூலைத் தாண்டி ஒன்றையும் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் மலைக் கடைகளுக்கும் சரக்குப் போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அடிமாலியிலிருந்தும் கட்டப்பனையிலிருந்தும் தோரணப் பெட்டிகள் திரும்பி வந்தன. வாங்கியவர்களின் புகாரைக் கடைக்காரர்கள் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருந்தார்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே புகார், பூசணம். நான் மறுபடி வரைய உட்கார்ந்தேன். ஒவ்வோர் ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன நாக்கு. மடக்கினால் ஐந்து துணி ஒரு துணியின் இடத்தில். விரித்தால் துணிக்கும் துணிக்கும் நடுவே சரியாக ஒரு விரல். அளவுக்கு என் விரலை வைக்கவில்லை, உன்னுடையது என்னுடையதைவிடப் பருமன். நினைவிலிருந்துதான் அளவு போட்டேன்.

அன்றே உனக்குப் போன் செய்திருக்கலாம். நீயே கேட்பாய், ஏன் செய்யவில்லை என்று. உனக்குத் தெரியாதா? மோல்டு வேலைக்காரர்களின் புத்தி அது. மெஷினிலிருந்து முதல் ஷாட் விழுந்து, பொருள் சூடாகக் கையில் வரும்வரை எதையும் எவரிடமும் காட்டக் கூடாது. காகிதத்தில் நிற்பது இரும்பில் நிற்காது. ஒரே அறையில் இருந்தபோதே நாம் ஒருவருக்கொருவர் அரைகுறை வேலையைக் காட்டியதில்லை, நான் எட்டிப் பார்த்தால் நீ துப்பட்டாவால் மூடிவிடுவாய். அந்தப் பழக்கத்தில் மன்னிப்பையும் சேர்த்துவிட்டேன். பொருளோடு உன் வீட்டுக்கு வருவேன், உன் விரலை நுழைத்துப் பார்க்கச் சொல்வேன், அப்புறம் பேசுவேன் என்று வைத்துக்கொண்டேன். வெறுங்கையோடு வந்து நிற்க வெட்கம்.

முதல் ஷாட்டில் நாக்கு ஒடிந்தது. மோல்டைக் கோயமுத்தூருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது, மறுபடி ஒடிந்தது. வாளையார் செக்போஸ்ட்டை அந்த மோல்டு எத்தனை முறை தாண்டியதோ. இப்படியே எட்டு மாதம் போயிற்று. பண்டிகைக்குப் பண்டிகை நீ வாட்ஸ்அப்பில் ஒரு பூப் படம் அனுப்புவாய், நானும் ஒரு பூ அனுப்புவேன். அந்த எட்டு மாதத்தில் நான்கு மாதம் நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. ரத்தத்தில் ஏதோ நோய் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஒரு மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் உன் பெயர் வந்தது. மோல்டு மூன்றாம் தடவையாகக் கோயமுத்தூரில் இருந்தது. "இன்னும் பத்தே நாள் பொறு புள்ள" என்று போனைப் பார்த்துச் சொன்னேன், அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். அது மறுபடி அடித்தது. எடுத்தேன். உன் அம்மா பேசினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி, கடைசியில் ஜீப்பில் ஏறி உங்கள் லயத்து வாசலில் இறங்கினேன். படையலில் உனக்கு வைத்திருந்த புதுப் புடவையில் கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது என்னிடம்.

"அவளுக்கு எம்மேல கோவமுங்களா அம்மா?"

"கோவமா? அவளுக்கா?" என்றாள். "நீ புதுசா நாக்கு வச்சு என்னமோ செய்யுதன்னு உங்க கம்பெனிப் பிள்ளை ஒண்ணு போன்ல சொல்லிருக்கு. அதக் கேட்டதுலருந்து அவளுக்கு ஒரே சந்தோசம். நான் உனக்கு போன் போட்டு வரச் சொல்லட்டான்னு கேட்டேன் தாயி. வேண்டாம்மா, முதல் ஷாட் விழாம அவ வரமாட்டா, அவசரப்படுத்தாதன்னுட்டா. வாசல்ல ஜீப்புச் சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பா."

எதையாவது சொல்லியாக வேண்டும் என்று, "அடுத்த மாசம் ரெடி ஆயிருமுங்க அம்மா. நானே கொண்டாந்து உங்க பீரோவுல மாட்டித் தரேனுங்க" என்றேன்.

உன் அம்மா எழுந்துபோய் பீரோவைத் திறந்து காட்டினாள். உன் துணிகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கம்பியில் இரண்டு புடவைகள் மட்டும் தொங்கின, அவற்றுக்கு நடுவே கை அகலத்துக்கு மேல் இடைவெளி.

"இனி எதுக்குத் தாயி?" என்றாள். "எடந்தான் கெடக்கே."

நாக்கு வைத்த தோரணம் அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒடியாமல் வந்தது. இப்போது மலைக் கடைகளில் நன்றாகப் போகிறது. முதல் ஷாட் கையில் சூடாக இருந்தபோது மெஷின்காரர்கள் கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன்னால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. போன மாதம் நல்லேப்பிள்ளியில் என் அண்ணியைக் கடுமையாகப் பேசிவிட்டு வந்துவிட்டேன். இங்கே வந்து சேர்ந்த பிறகு மனம் கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் அப்படியே திரும்பவும் பஸ் ஏறினேன். பழம்கூட வாங்கவில்லை. என்ன பேசப் போகிறேன் என்றும் யோசிக்கவில்லை.

"என்ன திடீர்னு? கையில பையக்கூடக் காணோம்?" என்றாள் அண்ணி.

"அன்னைக்குப் பேசுனது தப்புங்க அண்ணி. அதச் சொல்லத்தான் வந்தனுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலெல்லாம் சேறு. கழுவிட்டு உள்ள வா" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குழாயடியில் கால் கழுவும்போது உன் நினைவு வந்தது. எட்டு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. அவற்றில் ஒன்றில், கையில் ஒன்றுமே இல்லாமல் நான் அந்த ஜீப்பிலிருந்து இறங்கியிருக்கலாம். நீ எழுந்து வந்து பார்த்திருப்பாய்.