சிரிப்புக்கு ஒரு விளம்பரம்

மார்ச் 4

மனம் கலைந்திருக்கும்போது எண் போட்டு எழுதினால்தான் எனக்கு ஓடும். கல்லூரியில் தருக்கம் நடத்திய காலத்துப் பழக்கம். எழுத வேண்டியவை:

1. அந்த விளம்பரம் பார்ப்பவரை எப்படி வாங்க வைக்கிறது.
2. அதில் வரும் வாக்கியம் யாருடையது.
3. அது அங்கே எப்படிப் போனது.
4. அது யாரை மடக்கினாலும் என்னை மடக்காது. ஏனென்றால் வாக்கியம் என்னுடையது.

இரண்டாவதை இப்போதே முடித்துவிடலாம். நேற்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் காது மிஷின் விளம்பரம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரு குடும்பம் சிரிக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒரு கணம் தாமதித்துச் சிரிக்கிறார். திரையின் அடியில் எழுத்து ஓடியது. அதனால்தான் எனக்குத் தெரிந்தது. “எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சிடுவேன். எதுக்குன்னு தெரியாது.”

மகள் கைதட்டினாள். “அம்மா, இதான்! நான் எழுதினது இதான்!” அவள் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவள். மாப்பிள்ளை அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். மனைவி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

போன மழைக்காலத்தில், கண் டாக்டர் வீட்டு வாசலில், மழை விடட்டும் என்று காருக்குள் உட்கார்ந்திருந்தபோது மகளிடம் நான் சொன்னது அது. அவளிடம் மட்டும். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்ன பிறகு, அம்மாவிடம் சொல்லாதே என்று வேறு கேட்டுக்கொண்டேன்.

அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. ஊருக்கே சொல்லிவிட்டாள்.

மார்ச் 5

இன்று நான் யாரிடமும் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துச் சொன்னார்கள், எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 6

முதல் குறிப்பு. விளம்பரத்தை இன்று மூன்று தடவை பார்த்துவிட்டேன். கருவியின் படம் கடைசியில்தான் வருகிறது. பேட்டரி எத்தனை நாள் வரும், காதில் வலிக்குமா — ஒன்றும் இல்லை. தருக்கமாகப் பிரித்தால் இப்படி: உன் அப்பா தனியாக இருக்கிறார். நீ அதைக் கவனிக்கவில்லை. ஆகவே, வாங்கு. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் பாலமே கிடையாது. பார்ப்பவரின் குற்ற உணர்ச்சிதான் அங்கே பலகையாக வந்து விழுகிறது. விற்பது காது கேளாதவனுக்கு அல்ல. அவன் பிள்ளைகளுக்கு.

மாணவன் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். நன்றாகச் செய்திருக்கிறாள் என்றும் தோன்றுகிறது. இப்படித் தோன்றுவதே பிடிக்கவில்லை.

மார்ச் 7

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி திடீரென்று என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் எனக்கு முக்கால்வாசி புரியும்.

“நிஜத்தச் சொல்லுங்க. விளம்பரத்துல வர்ற ஆளு நீங்கதானே?”

தலையாட்டினேன்.

“அப்போ நம்ம பழைய வீட்டுக்காரர் ஏணியில மாட்டிக்கிட்ட கதைய நான் சொல்லும்போதெல்லாம் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்களே, அது?”

“முதல்ல சிரிச்சதெல்லாம் நிஜம்.”

“எது வரைக்கும் நிஜம்?”

எங்கே கோடு போடுவது?

“அடப்பாவி மனுஷா,” என்றாள். “இந்த வீட்ல எனக்கு இருந்தது ஒரே ஒரு ரசிகர். அதுவும் டூப்பா?”

என் வேட்டியை மட்டும் மடிக்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மகள் என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று எழுத உட்கார்ந்தேன். என் மனைவி இன்று எதை எழுதுவாள்?

மார்ச் 10

மூன்றாவது குறிப்பு. மகளிடம் கேட்க மூன்று கேள்விகள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

“அந்தச் சிரிக்கிற வரி... அது எங்கேம்மா கிடைச்சுது?”

“அதுவா? சும்மா வந்துச்சுப்பா. ஒருநாள் குளிச்சிட்டு இருக்கும்போது டக்குனு தோணுச்சு. அந்த ஒரு வரிக்காகத்தான் கம்பெனிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க.”

பொய் சொன்னால் அவள் சிறு வயதிலிருந்தே மூக்கைத் தேய்ப்பாள். தேய்க்கவில்லை.

“கண் டாக்டர் வீட்டு வாசல்ல, மழையில, கார்ல...”

“ஆமா, அன்னிக்கு வைப்பர்கூட வேலை செய்யலையே! ஏன்ப்பா, நீங்க அப்போ ஏதாவது சொன்னீங்களா?”

“ஒண்ணுமில்லம்மா.”

திருடியிருந்தால் தேவலை. திருடுகிறவனுக்கு அது யார் வீடு என்றாவது தெரியும். நான் எத்தனை நாள் ஒத்திகை பார்த்துச் சொன்ன விஷயம்! அவளுக்கு வைப்பர் நினைவிருக்கிறது.

மார்ச் 11

மனைவி அவளிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஆபீசிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றாள்.

“சத்தியமா ஞாபகம் இல்லப்பா. தெரிஞ்சிருந்தா உங்களக் கேட்டிருப்பேன்.” கண் கலங்கியிருந்தது. உடனே, “ஆனா அதப் பாத்துட்டு எத்தன பேர் அவங்க அப்பாவுக்கு மிஷின் வாங்கிக் குடுத்திருக்காங்க தெரியுமாப்பா?” என்றாள்.

முதலில் பேசியவள் என் மகள். பின்னால் பேசியது விளம்பரக்காரி. நடுவில் மூச்சு விடும் நேரம்தான் இருந்தது.

சரிம்மா என்றேன். நான் எப்போதும் சரிம்மா என்றுதான் சொல்வேன்.

மார்ச் 14

மனைவி கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் குழம்பு, மோர், உப்பு, அவ்வளவுதான். எனக்குக் கேட்காமல் இருந்த சத்தம் இப்போது நிஜமாகவே இல்லை.

அதனால்தான் அந்தக் காது மிஷின் கடைக்குப் போனேன் என்று எழுத வேண்டும். ஆனால் கிளம்பும்போது, முதல் குறிப்புக்கு மேலும் சான்று சேர்க்கப் போவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடையில் இருந்தவர் கழுத்தில் டை கட்டியவர், மரியாதையானவர். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: “சார், வீட்ல எல்லாரும் சிரிக்கும்போது, எதுக்குன்னு தெரியாமலே நீங்களும் சிரிச்சிடுவீங்களா?”

என் வாக்கியம். கேள்விக்குறி ஒன்றுதான் புதிது. அவருக்கு அதை மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறார்கள், இன்று காலையிலிருந்து வந்த எல்லோரிடமும் கேட்டிருப்பார், எல்லாம் தெரியும். பிரித்துப் பிரித்து எழுதியவன் நான். அது என்னுடையது ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஆமா,” என்றேன்.

வாங்கிவிட்டேன்.

மார்ச் 15

மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ.

மார்ச் 19

இரவுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை ஒரு கதை சொன்னார். அவருடைய மேனேஜர் லிஃப்டில் ஏறி, பொத்தானை அழுத்த மறந்து, கதவு திறந்ததும் அதே மாடியில் இறங்கி எல்லோருக்கும் மறுபடி குட்மார்னிங் சொன்னாராம். மகள் சிரித்தாள். மனைவியும் மரியாதைக்குச் சிரித்தாள். ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா, மிஷின் போட்டிருக்கீங்கல்ல?” என்றாள் மகள். “கேக்கலையா?”

“கேட்டுதும்மா. முழுசாக் கேட்டுது. அதான் சிரிக்கல.”

மனைவிக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை பாவம், காதுவரை சிவந்துபோய் அவரும் சிரித்தார். மனைவி தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பின் முடிவில் ஒரு சின்ன விக்கல் வரும். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

மகளும் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். தலை லேசாகச் சாய்ந்தது, உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. இந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். காருக்குள், மழையில். அன்று அதை இரக்கம் என்று நினைத்தேன்.

“இது வேண்டாம்மா,” என்றேன்.

“எதுப்பா?”

“இப்போ மனசுல எழுதிக்கிட்டியே, அது.”

மனைவி சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்தபடி, “சரிப்பா,” என்றாள். ரொம்பச் சின்னக் குரல். போன மாதமாக இருந்தால் என் காதில் விழுந்திருக்காது. மனதாரச் சொன்னாளா? அதைச் சொல்கிற மிஷின் அந்தக் கடையில் இல்லை.

என்னை மடக்காது என்ற நான்காவது குறிப்பு தவறு. வாக்கியம் என்னுடையது என்பதால்தான் நான் மடங்கினேன்.