நீ கேட்டு வாங்கிய தேர்தல்

நேற்று மாலை கரண்ட் போனது. திரும்ப வந்ததும் மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். அந்தப் புகை வாசனையில் நம் கல்லூரியின் ஜெபக்கூடம் நினைவுக்கு வந்தது. அதன் வாசலில் நீ. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் நீ வரும் கீழ்பென்னாத்தூர் பஸ் நகராது. ஜெபம் பாதி நடக்கும்போது, நெற்றியில் விபூதியோடு, மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் நிற்பாய். சிஸ்டர்கள் ஒருநாளும் அதைக் குறை சொன்னதில்லை.

அரசியல் அறிவியல் எடுத்த நம்மிடம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இத படிச்சி இன்னா பண்ணப்போற?" என்ற உன் அப்பாவிடம், "மொதல்ல கேள்வி கேக்கக் கத்துக்கறேம்பா" என்றாயாம்.

இரண்டாம் ஆண்டில் கேட்டேவிட்டாய். மாணவர் தலைவி யார் என்பதை அதுவரை முதல்வர் சிஸ்டரே முடிவு செய்து அறிவிப்பார். அன்று ஜெபக்கூடத்தில் அவர் ஒரு பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது நீ எழுந்து நின்றாய்.

"உக்காருடி, டிசி குடுத்துடுவாங்க" என்று உன் தாவணியைப் பிடித்து இழுத்தேன்.

"சிஸ்டர், கிளாஸ்ல ரகசிய ஓட்டு பத்திப் படிக்கிறோம். இங்க மட்டும் ஏன் இல்லீங்க?"

"உங்களுக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர். எங்களுக்கும் தெரியுதான்னு ஒரு வாட்டி பாத்துடுங்களேன்."

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார் சிஸ்டர். மறுவாரம் அதே ஜெபக்கூடத்தில் ஓட்டுப்பெட்டி வைத்தார்.

நீயும் நின்றாய். வேதியியல் படித்த பெண்ணிடம் தோற்றாய். நான்தான் அழுதேன். நீ நேராகப் போய் அவள் கையைக் குலுக்கிவிட்டு வந்து, "எதுக்குடி அழுவுற? எலெக்‌ஷன் நடந்துச்சில்ல, நான் கேட்டது அதான்" என்றாய்.

பிறகு உன் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தாய். ஊருக்குள்ளேயே நின்றுவிட்ட குடிநீர்க் குழாய் காலனிக்கும் போயாக வேண்டும் என்று, கூட்டத்தில் ஒற்றை ஆளாகப் பேசி, அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாய். அந்தப் பதவிக்காலம் முடியும் முன்பே, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. "எங்கிட்ட ஜாஸ்தி சண்ட போட்டது அவதாம்மா. இப்ப வூடு கம்முனு கீது" என்றார் உன் அப்பா.

போன மாதம், நான் வேலை பார்க்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் பெற்றோர் சங்கத்தின் புதிய தலைவர் பெயரை அவராகவே அறிவிக்கப் போனார். எழுந்தேன்.

"சார், வந்திருக்கிறவங்கள ஒரு வார்த்த கேட்டுடலாமே."

கடைசி வரிசையில் ஓர் அம்மா தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். அவர் பேசி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.