முடி மாத்திரை

மார்ச் 4, 2025

காலையில் வழக்கம்போல இரண்டு பேருக்கும் மாத்திரை எடுத்து வைத்தேன். எனக்கு ஹார்மோன், குழந்தைக்காக. அவருக்கு முடி மாத்திரை, நெற்றி உச்சி வரைக்கும் ஏறிவிட்டதே, அதற்காக. இரண்டு வருஷமாக என்னுடையது வயிற்றைப் புரட்டுகிறது. ஜாக்கெட்டெல்லாம் பிரித்துத் தைத்தாயிற்று. வகுப்பில் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன்.

இன்றைக்கும் அத்தை ஆரம்பித்தார். "ஆடி வெள்ளில அம்மன் கோயில்ல மண்சோறு சாப்டு சுமா. ஊருக்கெல்லாம் குடுக்குறா, உனக்கு மட்டும் இல்லம்பாளா?"

விழுப்புரம் டாக்டரம்மா அவரையும் டெஸ்டுக்கு வரச் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது! அவர் வரும்வரை இனி ஒரு மாத்திரையும் விழுங்கமாட்டேன்.

மார்ச் 9

விழுங்கவில்லை. "இன்னாடி அடம் இது" என்கிறார். அடம்தான்.

மார்ச் 17

வந்துவிட்டார்! பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "சுகர் இல்ல, பி.பி. இல்ல மேடம். ஒண்ணும் இல்ல." பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைக்கிறார். முடிக்குச் சாப்பிடுவதை யார் மருந்தென்று சொல்கிறார்கள்? தினமும் எடுத்துக் கொடுக்கிற எனக்கே அங்கே உறைக்கவில்லை, இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

மார்ச் 21

ரிசல்ட். உயிரணு கிட்டத்தட்ட இல்லை.

டாக்டரம்மா விடவில்லை. "ஜிம், முடி, பவுடர், எதுக்காக எதப் போட்டாலும் சொல்லுங்க." அப்புறம்தான் வாயைத் திறந்தார். முடி மாத்திரை ஆரம்பித்த பிறகு ஆசையே குறைந்துபோனதாம். என்னிடம் சொல்ல வெட்கமாம். அதற்குத்தான் ஜிம்முக்குக் கூட வரும் பிரசாந்த், ஆம்பிளை ஹார்மோன் என்று ஒரு வருஷமாக ஊசி போட்டுவிட்டிருக்கிறான்.

அந்த ஊசிதான் உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடுமாம். முடி மாத்திரையும் சிலருக்குக் குறைக்குமாம். இரண்டையும் விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். பெரும்பாலும். நிச்சயம் என்று சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ, உடம்பு ஊதினதால்தானோ என்று எத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்! பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

மார்ச் 22

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "உங்க அம்மாகிட்ட உங்க வாயால சொல்லணும்."

"அம்மா மனசு ஒடஞ்சிடும்டி. கொஞ்சம் டைம் குடு."

"என் மனசு இன்னா ரப்பரா?"

ஏப்ரல் 19

இரண்டையும் நிறுத்தியதிலிருந்து மனுஷன் துவண்டு கிடக்கிறார். அசதி, கோபம். தலையணையெல்லாம் முடி. கண்ணாடி முன்னால் நிற்கும்போது பார்க்கவே முடியவில்லை. கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆனாலும் பாவமாக இருக்கிறது. "முடி போனா போவுது, நீங்க இருங்க" என்றேன். அழுதார். சாயந்திரம் செட்டிக்குளம் பக்கம் நடக்கக் கூட்டிப்போனேன்.

பிரசாந்த் போன் செய்தான். "மச்சான், பாதில விட்டா மோசமாயிடும்." போனைப் பிடுங்கினேன். "தம்பி, இன்னொரு தடவ இந்த நம்பருக்குக் கூப்ட்டா நானே ஜிம்முக்கு வருவேன்." அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

ஜூன் 30

இரண்டாவது டெஸ்ட். கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 18

முதல் ஆடி வெள்ளி. அடுத்த வெள்ளிக்கிழமை மண்சோறு என்று என்னைக் கேட்காமலேயே அத்தை உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அவரிடம் நேராகவே சொன்னேன். "நீங்க சொல்லலன்னா கோயில்ல எல்லார் முன்னாடியும் நான் சொல்லுவேன்." சும்மா மிரட்டவில்லை.

ஜூலை 25

கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் சொல்லிவிட்டார். அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, கொறை எனக்குத்தாம்மா. அவளுக்கு ஒண்ணும் இல்ல." ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை.

அத்தை என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "மாத்திரைய எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான் அத்தை."

கோயிலுக்கு யாரும் போகவில்லை.

ஜூலை 29

அத்தை பேசவில்லை. சமைத்து வைக்கிறார், நான் சாப்பிடுகிறேன். சாரி கேட்கமாட்டேன்.

ஆகஸ்ட் 15

கடைசி ஆடி வெள்ளி. ஸ்கூலில் கொடியேற்றம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். தெருக்குழாயில் நல்ல கூட்டம், அத்தையும் குடத்தோடு நின்றிருந்தார். எதிர்வீட்டு அம்மாக்கண்ணு ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். "இன்னா மீனம்பா, ஆடியே முடியப்போவுது, மருமவளுக்கு மண்சோறு போடலியா?"

ஜன்னலருகே நின்றிருந்தேன்.

"அவளுக்கு இன்னா கொறச்சல்?" என்றார் அத்தை. "என் புள்ளைக்குத்தான் வைத்தியம் நடக்குது. மண்சோறு போடணும்னா அவனத்தான் ஒக்கார வைக்கணும்."

குழாயடியில் அத்தனை பேரும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"போய் அம்மா கையில இருக்கற கொடத்த வாங்குங்க" என்றேன்.

தலையைத் தடவிக்கொண்டார். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, தெருவில் இறங்கிப் போனார்.