யன்னலில் சிவப்புத் துணி

ஓகஸ்ட் 3, திங்கள்

காலையிலேயே வெயில். கச்சான் காற்று, வாயெல்லாம் புழுதி. விசுவமடுவில் படப்பிடிப்பு முதல் நாள். ஏழு மணிக்கு என்றார்கள். தொடங்கியது பதினொன்றே கால்.

இயக்குநர் ரமணன் அண்ணா (இனி ர. போதும்). பெரியம்மாவின் மகன். பாரிஸில் இருபத்தெட்டு வருடம். அங்கே பார்த்த பழைய வெளிநாட்டுப் படம் ஒன்றை நம்மூருக்கு மாற்றித் திரும்ப எடுக்கிறார். கதை: பொலிஸ்காரனைச் சுட்டுவிட்டு ஓடுகிறவன் ஒரு பெண்ணின் வீட்டில் ஒளிகிறான். காதல். கடைசியில் அவளே யன்னலில் சிவப்புத் துணி மாட்டி, வெளியே நிற்கும் பொலிசுக்குச் சைகை காட்டுகிறாள். அவன் சாகிறான். ர. வாய்க்கு வாய் சொல்வது 'ஸ்டைல், ஸ்டைல்'.

நான் உதவி இயக்குநர். ஸ்டுடியோவில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலைக்கு இரண்டு கிழமை லீவு. பெரிய கனவோடு வந்தேன். இன்று செய்த உதவி இயக்கம்:

– கதாநாயகனுக்கு விசிறியது. இந்த வெயிலில் தோல் ஜக்கெற் போட்டால் வேறென்ன நடக்கும்.
– ர. மூடுபனி கேட்டார். தேங்காய்ப் பொச்சு மட்டை கொளுத்திப் புகை போட்டது. எல்லாருக்கும் இருமல்.
– கோழி துரத்தியது, மூன்று முறை.
– வசனம் எழுதியது, வெட்டியது, வெட்டியதையே திரும்ப எழுதியது.

கதாநாயகன் டிலக்சன், கிளிநொச்சியில் ஜிம் பழக்குகிறவன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டானாம். அடுப்பெரியும் குசினிக்குள்ளும். "அக்கா, கண்ணாடி இல்லாட்டி என்ர முகம் சின்னன்."

கதாநாயகி சர்மிளா, மல்லாவியில் முன்பள்ளி ரீச்சர். வசனம் பாடமாக்கி வந்தது அவள் ஒருத்திதான்.

வீடு பிலோமினா அக்காவினது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர், கலியாணம் முடித்து இங்கே வந்தவர். குசினி வாசலில் நின்று நாள் முழுக்கப் பார்த்தார். வாயைக் கையால் பொத்தியபடி. சிரித்தாரோ தெரியாது.

ஓகஸ்ட் 4, செவ்வாய்

தண்ணீர்ப் போத்தல் இருபது – மறந்துவிட்டேன். ர. கத்தினார்.

டிலக்சன் யன்னலோரம் நின்று சிகரெட் பிடிக்கும் காட்சி. வெளிச்சம் முகத்தில் பாதி. ஒன்பதாம் முறை எடுக்கும்போது பிலோமினா அக்கா வாய் திறந்தார்.

"தம்பி, ஒளிச்சிருக்கிறவன் யன்னலடியில நிப்பானோ?"

ர.: "அக்கா, இது சினிமா."

"சினிமா எண்டாலும் புகை மணக்குமெல்லோ."

எல்லாரும் சிரித்தோம். ர. மட்டும் இல்லை.

சாப்பாட்டு நேரம் அவரிடம் போய் இருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா என்று சும்மாதான் கேட்டேன். வெண்டிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"இவரை ஒளிச்சு வச்சிருந்தனான். ஏழு மாசம்."

'இவர்' என்றால் அந்தோனி அண்ணை, புருஷன். கச்சான் கடலைத் தோட்டத்தில் நின்றார். கடைசிச் சண்டைக் காலம், வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் ஆள் பிடித்த நேரம். அப்போது கலியாணம் ஆகவில்லை. காதல் மட்டும். பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் ஓடிப்போனது கரையில் அக்காவின் தாய்வீட்டுக்கு. குசினிக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, மேலே பலகை, அதற்கு மேலே விறகு.

"ரெண்டு சாப்பாட்டுக் கோப்பை கழுவக்கூடாது. ஆரும் பாத்தால் கேப்பினம். நான் திண்ட கோப்பையிலதான் அவருக்கும். அவர் இருமினால் நான் சத்தமாச் செபமாலை சொல்லுவன். பக்கத்து வீட்டில, பிலோமினா கன்னியாஸ்திரியாகப் போறாளாக்கும் எண்டு கதை."

இதைப் படத்தில் வைக்கலாம் என்று ர.இடம் ஓடினேன். கோப்பை, செபமாலை, எல்லாம் சொன்னேன்.

"வாசுகி, இது வேற படம். எங்கட படத்தில அவன் அழகா ஒளியிறான்."

அழகா ஒளியிறானாம். தலையில் அடித்துக்கொண்டேன், அவர் பார்க்காதபோது.

ஓகஸ்ட் 5, புதன்

வயிறு சரியில்லை. பொச்சுப் புகை மணம் தலைமயிரில் இன்னும்.

இன்று கடைசிக் காட்சி. சிவப்புத் துணியைக் கையில் கொடுத்ததும் சர்மிளா கேட்டாள், "அண்ணா, இவள் ஏன் காட்டிக் குடுக்கிறாள்?"

ர.: "அது பார்க்கிற ஆக்கள் யோசிக்கட்டும்."

"எனக்குத் தெரியவேணுமே."

"அதுதான் ஸ்டைல், சர்மிளா. காரணம் சொன்னால் ஸ்டைல் போயிடும்."

துணியை மடித்துக் கதிரையில் வைத்தாள். "அப்ப நான் செய்யேலாது." கோபமாகக்கூட இல்லை. அவளுடைய மாமாவை யாரோ காட்டிக் கொடுத்துத்தான் கொண்டுபோனார்களாம். சொன்ன வீட்டைக் கடக்கும்போது அம்மா இப்போதும் ரோட்டின் மறுபக்கம் போவாராம். "சும்மா வடிவுக்கு நான் அந்த வேலை பாத்தன் எண்டு அம்மாக்கு எப்பிடிக் காட்டுறது?"

பை எடுத்தாள், பஸ் ஏறினாள். அவ்வளவுதான்.

ர. என்மேல் பாய்ந்தார். நான்தானாம் பிலோமினா அக்காவின் கதையைச் சொல்லி எல்லார் மனதையும் குழப்பியது. டிலக்சன் வந்து, "அக்கா, அப்ப நான் சாகிறது நாளைக்கோ? சனிக்கிழமை எனக்கு ஜிம் இருக்கு" என்றான். இரண்டு பேரையும் பொச்சு மட்டையோடு சேர்த்துக் கொளுத்தலாம் போல.

ஓகஸ்ட் 6, வியாழன்

மாங்குளத்தில் பஸ் மாறி மல்லாவி. நிற்க மட்டும் இடம்.

முன்பள்ளி விடும்வரை வெளியே காத்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் பாட்டு, சர்மிளா குரல் எல்லாவற்றுக்கும் மேலே. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"வரமாட்டன் எண்டு சொல்லேல்லை அக்கா. காரணம் ஒண்டு தாங்கோ. பொய்க் காரணம் எண்டாலும் பரவாயில்லை."

காரணம் என்னிடமும் இல்லை. வசனம் எழுதியவள் நான். ஒருநாள்கூட எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. வெட்கம்.

நாளை வருகிறாள். வந்து பார்க்கிறேன் என்றாள், செய்கிறேன் என்று சொல்லவில்லை. ர.க்கு போனில் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார். ஒரு நன்றி? கிடையாது.

ஓகஸ்ட் 7, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம். சர்மிளா எட்டு மணிக்கே வந்துவிட்டாள். ர. வரவில்லை!

சர்மிளாவின் சட்டையில் மைக் மாட்டி, சத்தம் பார்க்க றெக்கோடரைப் போட்டேன். பிலோமினா அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தவர் அப்படியே அவள் பக்கத்தில் இருந்துவிட்டார்.

"பிள்ளை காரணம் கேட்டதாம்."

"ஓம் அக்கா."

தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்தார். பிறகு:

"இவரை ஒளிச்சு வச்ச அஞ்சாம் மாசம் என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். பதினாறு வயசு. ஆரையும் ஒளிச்சு வச்சிருக்கிற வீடு காட்டினால் தம்பியை விடுவினம் எண்டு ஆரோ அம்மாக்குச் சொல்லிச்சினம். நான் போனனான் பிள்ளை. அவையின்ர முகாம் வாசல் மட்டும் போனனான். சொல்லத்தான் போனனான். வெறுப்பில்லை. இவரில உயிர்தான். தம்பியிலயும் உயிர்."

"பிறகு?" சர்மிளா.

"வாசலில நிண்டன். வாய் வரேல்லை. திரும்பி வந்து சோறு போட்டுக் குடுத்தன். தம்பி வரேல்லை."

அப்போதுதான் பார்த்தேன். எங்களுக்கு இளநி வெட்டிக்கொண்டு வந்த அந்தோனி அண்ணை பின்வாசலில். எவ்வளவு கேட்டாரோ. அக்காவும் திரும்பிக் கண்டுவிட்டார்.

அவர் இளநியை நிலத்தில் வைத்தார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ போனது. அண்டைக்கு ஒருநாள்தான் என்னை ஏசாமல் சோறு தந்தனீ."

அக்கா எழும்பினார். "தெரிஞ்சும் ஏன் ஓடேல்லை?"

"எங்க ஓடுறது? நீ சொல்லியிருந்தாலும் பிழை இல்லை எண்டுதான் இருந்தனான்."

"இவ்வளவு வருசமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்களே! மனுசனோ நீங்கள்?" என்று கத்தினார் அக்கா. கத்திக்கொண்டே அழுதார். அண்ணை சால்வை நுனியை நீட்டினார், அக்கா தட்டிவிட்டார், பிறகு வாங்கிக்கொண்டார். சர்மிளாவும் நானும் முற்றத்துக்கு வந்துவிட்டோம்.

ர. வந்தது ஒன்பதரைக்கு. சர்மிளா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. துணியை எடுத்தாள், யன்னலுக்குப் போனாள், மாட்டினாள். கையை மட்டும் துணியிலிருந்து எடுக்கவில்லை. பொலிஸ் உடுப்புப் போட்ட பெடியள் ஓடிவந்து, டிலக்சன் விழுந்து, எல்லாம் முடிந்த பிறகும் கை அங்கேயே. டிலக்சனின் கண்ணாடி விழுந்து உடைந்தது. முகம் சின்னன் இல்லை, நல்ல முகம். ஒரே முறைதான் எடுத்தது. ர. 'கட்' சொல்ல மறந்தார்.

பிறகு ர. என்னைத் தனியே கூப்பிட்டார். யாரோ சொல்லிவிட்டார்கள். "காலம அக்கா கதைச்சது மைக்கில வந்துதே? காட்சிக்கு மேல அந்தக் குரலைப் போட்டால் படம் எங்கயோ போகும், வாசுகி." செவ்வாய்க்கிழமை அது வேறு படம்!

பதிந்ததோ என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

புறப்படும்போது வாசலில் பிலோமினா அக்கா. கண் வீங்கியிருந்தது. "வாசுகி, நான் கதைச்சது உந்த றெக்கோடருக்குள்ள விழுந்திட்டுதோ?"

"இல்லை அக்கா."

பஸ்ஸில் ஒரு தரம் முழுக்கக் கேட்டேன். இவ்வளவு தெளிவாக இதுவரை ஒரு சத்தமும் நான் பதிந்ததில்லை. இளநி நிலத்தில் படும் சத்தம்கூட. பரந்தன் வருவதற்குள் அழித்துவிட்டேன்.

இறங்க முதலே ர. போன். "எங்க அந்தச் சத்தம்?"

"மைக் பிடிக்கேல்லை அண்ணா."

"உனக்குச் சினிமா விளங்காது."

"ஓம் அண்ணா" என்றேன். "விளங்காது."